கேத்தலா, துணி வடியா, டீபொட்டா?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒரு டீபொட் இருக்கிறது. வெள்ளைப் பீங்கான், விளிம்பில் பொன் கோடு, கூடவே ஆறு கோப்பை, ஆறு பீரிஸ். அம்மாவின் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது வெளியே வந்ததெல்லாம் தூசி துடைக்கத்தான். ஏன் என்று கேட்டால், "அது பாக்கிறதுக்கு மனே, குடிக்கிறதுக்குக் கேத்தல் இரிக்கு" என்பார் அம்மா.

போன ஆடியில் மாமா வந்திருந்தபோது, எனக்கு என்ன தோன்றியதோ, அதை இறக்கிக் கழுவித் தேத்தண்ணி போட்டேன். மரியாதையாக இருக்கட்டும் என்று மெதுவாகச் சரித்து ஊற்றினேன். கோப்பைக்குப் போனது பாதிதான். மீதி மூக்கின் அடிப்பக்கமாக வழிந்து மேசை விரிப்புக்கும், அங்கிருந்து மாமாவின் வெள்ளைச் சாரத்துக்கும் போனது. அம்மா ஒன்றும் பேசவில்லை. குசினிக்குள் போய்க் கேத்தலை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அவ்வளவுதான் தீர்ப்பு.

எனக்கு அது ஆறவில்லை. சாரத்தை நனைத்தது பாத்திரத்தின் குற்றமா, என் குற்றமா? அடுத்த சில வாரங்கள் ஒரே தேயிலையை மூன்று வழியிலும் போட்டுக் குடித்துப் பார்த்தேன்: வீட்டு அலுமினியக் கேத்தல், தேத்தண்ணிக் கடைத் துணி வடி, இந்த டீபொட்.

பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கியது. மூன்றும் அழகுக்காகவோ பழக்கத்துக்காகவோ வந்தவை அல்ல. இலையைத் தண்ணீரில் போடுவது சுலபம், எப்போது, எப்படிப் பிரித்தெடுப்பது என்பதுதான் சிக்கல். அந்தச் சிக்கலுக்கு ஆளுக்கொரு விடைதான் இந்த மூன்றும்.

ஆரம்பத்தில் அந்தச் சிக்கலே இருக்கவில்லை. சீனாவில் தாங் அரசர்கள் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், தேயிலையை இடித்துக் கட்டியாக்கி வைத்திருந்தார்கள். குடிக்கும்போது வாட்டிப் பொடியாக்கி, திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்து, உப்பும் போட்டார்கள். தேயிலையைப் பற்றி எழுதிய லூ யூ சொல்லும் முறை அதுதான். பிறகு சொங் காலத்தில் பொடியைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் விட்டு, மூங்கில் குச்சித் தூரிகையால் நுரை வர அடித்துக் குடித்தார்கள். பொடியும் சேர்ந்தே வயிற்றுக்குள் போனதால் பிரிக்க எதுவும் இல்லை, மூக்கு வைத்த பாத்திரமும் தேவைப்படவில்லை.

1391இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹொங்வூ, கட்டித் தேயிலையை அரண்மனைக்குத் திறையாகக் கொண்டுவர வேண்டாம், இலையாகவே கொண்டுவாருங்கள் என்று உத்தரவிட்டார். கட்டி பிடிக்கும் வேலை குடியானவர்களைப் பிழிந்தெடுத்தது என்பதுதான் காரணம். ஆனால் அந்த உத்தரவு குடிக்கிற முறையையே புரட்டிப் போட்டது. முழு இலையை விழுங்க முடியாது. இலை உள்ளே நிற்க வேண்டும், சாயம் வெளியே வர வேண்டும். அந்தத் தேவைக்குத்தான் டீபொட் வந்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஜியாங்சு மாகாணத்து யீசிங் ஊரின் ஊதாக் களிமண் பாத்திரங்கள் பெயர் பெற்றன. உள்ளே மெருகு பூசாத மண். ஒரு கைக்குள் அடங்கும் அளவு, பெரும்பாலும் 100 முதல் 200 மில்லிலீட்டர். ஆளுக்கொன்று. ஒரே இலையில் நாலைந்து முறை தண்ணீர் விட்டு, ஒவ்வொரு முறையும் முழுவதையும் வடித்துவிடுவார்கள். பாத்திரத்தில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேத்தலுக்கு வரும்போது தேவைப்படும்.

17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒல்லாந்தரின் கப்பல்களில் தேயிலை ஐரோப்பாவுக்குப் போனது, பின்னாலேயே இந்தக் களிமண் பாத்திரங்களும் போயின. அவர்கள் நாட்டு டெல்ஃப்ட் நகரில் ஆரி டி மில்டே என்ற குயவர் அவற்றைப் பார்த்துச் செய்தார். ஜெர்மனியில் மைசென் ஆலை 1710இல் தொடங்கி, சீனாவின் வெள்ளைப் பீங்கான் இரகசியத்தை ஐரோப்பாவுக்குச் சொந்தமாக்கியது. இங்கிலாந்தில் எலும்புச் சாம்பல் கலந்து இன்னும் மெல்லிய பீங்கான் வந்தது. அங்கே முதலில் பாத்திரங்கள் சின்னதாகத்தான் இருந்தன, தேயிலை அவ்வளவு விலை. 1784இல் அதன் மீதான வரியை 119 வீதத்திலிருந்து 12.5 வீதத்துக்கு இறக்கினார்கள். இலை மலிய மலியப் பாத்திரத்தின் வயிறும் பெருத்தது. எங்கள் அலுமாரியில் இருப்பது அந்தப் பெருத்த வயிற்றின் பேரப்பிள்ளை.

நம்முடைய கோட்டையை நினைத்தால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மட்டக்களப்புக் கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். முதலாமவர் தேநீரை "சா" என்பவர்கள், இரண்டாமவர் "தே" என்பவர்கள். நாம் சொல்வது தேத்தண்ணி. அதே நேரம் கோப்பைக்கு அடியில் வைக்கும் பீரிஸ் போர்த்துக்கேயச் சொல். ஒல்லாந்தர் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தை "கேட்டல்" என்பார்கள், நம் கேத்தலுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பாருங்கள். சண்டை பிடித்த இரண்டு பேரும் எங்கள் குசினியில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

சரி, கேத்தலுக்கு வருவோம்.

கேத்தல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வீட்டு அடுப்பல்ல, படுவான்கரை வயல். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாடிக்குப் பக்கத்தில் மூன்று கல், அதன் மேல் அடி கரிபிடித்த பெரிய கேத்தல். வெட்டுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். தண்ணீர் தளதளக்கும்போது ஒரு கை தேயிலையை உள்ளே எறிந்து, மூடி, இறக்கி வைப்பார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, அல்லது ஒரு துண்டுச் சர்க்கரை. நக்கிக்கொண்டு குடிக்க வேண்டியதுதான். செத்த வீட்டு இரவிலும் இதே கேத்தல்தான். பந்தலுக்குள் ஒரு தம்பி கேத்தலோடும் அடுக்கிய கோப்பைகளோடும் சுற்றிக்கொண்டே இருப்பான். அந்த இடத்தில் ஒரு டீபொட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கு ஊற்றியதும் தீர்ந்துவிடும், மூன்றாம் பேரிடம் போகுமுன் எங்காவது இடித்து மூக்கு உடைந்திருக்கும்.

ஆக ஆள் கூடினால் கேத்தல். இதில் போட்டியே இல்லை. நெருப்பில் நேரே வைக்கலாம், விழுந்தால் நெளியும், உடையாது.

அதன் வியாதி வேறு. இலை உள்ளேயே கிடக்கும். முதல் சுற்று அருமை, இரண்டாவது சுற்றுக் கடுப்பு, மூன்றாவது சுற்றில் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டும். தேயிலையில் உற்சாகம் தரும் கஃபீன் முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. துவர்ப்புத் தரும் பொருள்கள் பின்னால் ஆறுதலாக இறங்கிக்கொண்டே இருக்கும். கேத்தலை மூடி வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நமக்குத் துவர்ப்பு மட்டுமே மிச்சம். யீசிங்காரர்கள் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்ததன் காரணம் இதுதான். எங்கள் அம்மாவுக்கு மிங் வம்சம் தெரியாது. ஆனாலும் இலை போட்டு ஐந்து நிமிடத்தில் சாயம் முழுவதையும் வடியால் வடித்து ஜக்குக்கு மாற்றிவிடுவார். கேத்தலை டீபொட்டாகப் பாவிக்கும் வித்தை அது. நான் செய்து பார்த்ததில், இப்படி வடித்த கேத்தல் சாயத்துக்கும் பீங்கானில் போட்டதுக்கும் முதல் கோப்பையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு மணித்தியாலம் அலுமினியத்துக்குள்ளேயே விட்டுப் பார்த்தேன், நிறமும் கறுத்தது, நாக்கில் ஒரு தகர ருசியும் வந்தது. கேத்தல் சமைக்கத்தான், சேமிக்க அல்ல.

துணி வடியைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகக் கதைப்பேன், ஏனென்றால் அதுதான் உண்மையில் நம் ஆட்களின் கண்டுபிடிப்பு மாதிரி இருக்கிறது. காத்தான்குடியிலோ கல்முனையிலோ விடிய நாலரைக்கு ஒரு கடைக்கு முன்னால் நின்று பாருங்கள். கம்பி வளையத்தில் தைத்த நீண்ட துணிப்பை, ஒரு கைப்பிடி. அதற்குள் தேயிலைத்தூள். கொதிநீரை அதன் மேல் ஊற்றி, கீழே விழும் சாயத்தைத் திரும்ப மேலே ஊற்றி, இன்னொரு தடவை ஊற்றி, தார் மாதிரி ஒரு சாயத்தை எடுப்பார். கிளாசின் அடியில் ஏற்கெனவே டின்பால் காத்திருக்கும். அப்புறம் இரண்டு பாத்திரத்துக்கும் நடுவே ஒரு முழத்துக்கு இழுத்து ஆத்துவார். ஆத்துவது வித்தை காட்ட என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பாரமான டின்பால் அடியில் தங்காமல் கலக்கவும், சூடு வாய்க்குப் பதமாக இறங்கவும், மேலே நுரை நிற்கவும் அந்த இழுப்பு வேண்டும்.

இந்த முறை தூளுக்காகவே பிறந்தது. தேயிலை எவ்வளவு சின்னதாக நொறுங்குகிறதோ அவ்வளவு கூடுதலான பரப்புத் தண்ணீரில் படும், சாயம் அவ்வளவு வேகமாக இறங்கும். ஒரு நிமிடத்தில் கறுப்பாக வேண்டும் என்றால் தூள்தான் சரி. ஆனால் தூளை எந்த ஓட்டையும் தடுக்காது, துணிதான் தடுக்கும். கடைத் தூளை எங்கள் டீபொட்டில் போட்டுப் பார்த்தேன். மூக்கு தொடங்கும் இடத்தில் உள்ள ஓட்டைகள் வழியாகப் பாதித் தூளும் வந்துவிட்டது, கோப்பையின் அடியில் சேற்றுத் தண்ணீர். அதே தூள் துணியில் கண்ணாடி மாதிரி வடிந்தது.

இன்னொரு விசயம் பால். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக் கட்டிவிடும். பால் விடுவதென்றால் கடுஞ்சாயம் குற்றமல்ல, தேவை. இளஞ்சாயத்தில் மாப்பால் கரைத்தால் கிடைப்பது மாப்பால் தண்ணீர்தான், தேத்தண்ணி அல்ல. எங்கள் தீவின் தேயிலையை வெளிநாடுகளிலும் உள்ளூரிலும் விளம்பரம் செய்வதற்கு 1932இல் ஒரு பிரசாரச் சபையே அமைத்தார்கள். நல்ல இலை ஏலத்துக்கும் கப்பலுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. தூளைத் துணியில் வடித்து, பாலையும் சீனியையும் போட்டு, தனியொரு பானமாக ஆக்கியது நம் கடைக்காரர்களின் கெட்டித்தனம் என்றுதான் நான் சொல்வேன்.

துணியின் குறை எல்லாருக்கும் தெரிந்தது. பகல் முழுக்க ஈரமாகத் தொங்கும். கழுவினார்களா இல்லையா என்று மூன்றாவது மிடறில் தெரிந்துவிடும். பெயர் சொல்ல வேண்டாம், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் ஒருமுறை அது எனக்கு முதலாவது மிடறிலேயே தெரிந்தது. வீட்டில் சின்னத் துணி வடி வைத்திருந்தால் சவர்க்காரம் போடாமல் வெந்நீரில் அலசி வெயிலில் காய விடுங்கள். சவர்க்கார வாசம் துணியை விட்டுப் போகவே போகாது.

டீ பேக்கையும் பிளாஸ்கையும் ஓரிரு வரியில் முடித்துவிடலாம். துணிப்பையின் தம்பிதான் டீ பேக். அமெரிக்காவின் மில்வாக்கியில் இரண்டு பெண்கள் 1901இல் விண்ணப்பித்து 1903இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். கந்தோர் மேசைக்கு நல்லது, வீட்டுக்குச் செலவு. பிளாஸ்க் 1892இல் ஜேம்ஸ் டிவார் ஆய்வுகூடத்துக்காகச் செய்த வெற்றிடக் குடுவையின் பிள்ளை. வெறுந்தேத்தண்ணி அதில் ஓரளவு தாங்கும். பால் தேத்தண்ணியை மத்தியானம் வரை அடைத்து வைத்துத் திறந்து மணந்து பாருங்கள், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

இனி மாமாவின் சாரம்.

மூக்கடியில் வழிவதற்கு இயற்பியலில் "டீபொட் விளைவு" என்றே பெயர் இருக்கிறது. மார்க்கஸ் ரைனர் என்ற அறிஞர் 1956இல் அந்தப் பெயரைப் போட்டார். அடுத்த வருடம் ஜோசப் கெல்லர் என்ற கணிதவியலாளர் அதற்கு விளக்கம் சொன்னார்: தண்ணீர் மூக்கின் வளைவைச் சுற்றி ஓடும்போது விளிம்பில் அழுத்தம் குறைகிறது, வெளியே உள்ள காற்றழுத்தம் தண்ணீரைப் பாத்திரத்தோடு சேர்த்து அமத்துகிறது. பின்னால் வந்தவர்கள் தண்ணீர் பாத்திரத்தில் ஒட்டும் தன்மையின் பங்கையும் சேர்த்தார்கள். 1999இல் சிரிப்பூட்டும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசில் கெல்லருக்கும் பங்கு கிடைத்தது. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: மெதுவாக ஊற்றினால் வழியும், மூக்கின் விளிம்பு தடித்து உருண்டிருந்தால் இன்னும் வழியும். எங்களுடையது நல்ல தடிப்பு. நானோ மரியாதைக்காக மெதுவாக ஊற்றினேன். மரியாதையை விட்டுச் சட்டென்று சரித்தால் ஒரு சொட்டும் சிந்துவதில்லை. வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மூக்கு நுனியை விரலால் தடவிப் பாருங்கள், மெல்லிய கூர்மை வேண்டும். மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் திக்காமல் வரும். ஊற்றும்போது அந்தத் துளையை விரலால் பொத்தினால் தண்ணீர் நின்றால், மூடி நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம்.

இலை போடுமுன் கொதிநீரால் ஒருமுறை அலசிக் கொட்டிவிட வேண்டும். தடித்த குளிர்ந்த பீங்கான் முதல் தண்ணீரின் சூட்டைக் குடித்துவிடும், இலை விரியாது. அப்புறம் அளவு. தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கென்று ஐஎஸ்ஓ 3103 என்று ஓர் உலகத் தரமே உண்டு, 1980இல் வந்தது: மூடியுள்ள வெள்ளைப் பாத்திரம், 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். அதற்கு மூலமான பிரித்தானியத் தரத்துக்கும் அதே 1999இல் இக் நோபல் கொடுத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அளவு சரியானது. எனக்கு 6 நிமிடம் கொஞ்சம் கூட, 4இல் வடித்துவிடுவேன்.

இத்தனை பாடுபட்டு டீபொட் என்னதான் தருகிறது? பால் தேத்தண்ணிக்கு ஒன்றுமே இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். துணி வடி அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பெரும்பாலான மாதங்களில் வெறுந்தேத்தண்ணிக்கும் அம்மாவின் கேத்தல் போதும். ஆனால் வருடத்தில் ஒரு காலம் இருக்கிறது.

செங்கலடிச் சந்தியால் திரும்பினால் அந்த வீதி நேரே பதுளைக்கு ஏறும். ஏறிப் போனால் ஊவாத் தோட்டங்கள். ஆனி ஆடியில் மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்காற்றாக இறங்கி வரும் கச்சான் (கொறிக்கிற கச்சான் இல்லை, காற்று) முதலில் அந்தச் சரிவுகளில் அடிக்கிறது, பிறகு நம்மிடம் வருகிறது. இங்கே அது உதட்டை வெடிக்க வைத்து, முற்றத்து மண்ணைக் குசினிக்குள் கொண்டுவந்து கொட்டும். நாம் திட்டுவோம். அங்கே அதே காற்றுத் தேயிலைச் செடியை வாட்டி, கொழுந்தின் மணத்தை மாற்றுகிறது. ஆடி முதல் புரட்டாசி வரை பறித்த ஊவா இலைக்குத் தனி விலை. அந்த மணம் கிட்டத்தட்டத் தலையிடிக்குப் பூசும் தைலத்தின் வாசம், ஆனால் மிக மெல்லியதாக, தொண்டைக்குப் பின்னால் குளிர்ச்சியாக. வாசத்துக்குக் காரணமான பொருளும் கிட்டத்தட்ட அதுவேதான், மெதைல் சாலிசிலேட்.

பதுளையில் வேலை பார்க்கும் நண்பன் அந்தக் காலத்து இலையில் அரைக் கிலோ கொண்டுவந்து தந்தான். மூன்று வழியிலும் போட்டேன். துணியில் மூன்று தரம் ஊற்றி எடுத்தபோது சாயம் மட்டும் வந்தது, பால் விட்டதும் மணம் இருந்த இடமே தெரியவில்லை. கேத்தலில் கொதித்தபோது மணம் ஆவியோடு குசினி முழுக்கப் பரவியது, கோப்பையில் இல்லை. டீபொட்டில் மூடி வைத்து, 4 நிமிடத்தில் சட்டென்று சரித்து, சீனி போடாமல் குடித்தபோதுதான் தொண்டையில் அந்தக் குளிர்ச்சி வந்தது. எங்கள் கச்சானின் மறுபக்கத்தை நான் முதன்முதலாகக் குடித்தேன்.

அம்மாவுக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். உள்ளங்கையில் சர்க்கரைத் துண்டோடு வாங்கிக் குடித்தார், இரண்டாவது கோப்பையும் கேட்டார். "நல்லாத்தான் இரிக்கு. இதக் கழுவி வைக்கிறது ஆரு?"

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு. விடிய மாப்பால் தேத்தண்ணி துணி வடியில். ஆட்கள் வந்தால் கேத்தல். கச்சான் தொடங்கினால் டீபொட் அலுமாரியை விட்டு இறங்கும், கழுவுவது நான். மாரி இறங்கியதும் அது திரும்ப ஏறிவிடும். மாமா மட்டும் இன்னும் தன் கோப்பையைத் தானே ஊற்றிக்கொள்கிறார்.